நீலக் குளம் பச்சையான கதை

கடந்த பள்ளி விடுமுறையில் ஈப்போவில் இருக்கும் தம்பி வீட்டிற்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். கார் நிற்பதற்குள் பிள்ளைகள் கதவைத் திறந்துகொண்டு பின்புறம் ஓடினார்கள். போன வேகத்திலேயே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

"சித்தப்பா வீட்டுக் குளம் பச்சையா இருக்கு!"

தம்பி அந்த வீட்டை வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் குடும்பத்தில் நீச்சல் குளத்தோடு வீடு வாங்கிய முதல் ஆள் அவன்தான். பிள்ளைகள் வருகிறார்கள் என்று நான்கு நாளாகக் குளோரின் கட்டிகளைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். தண்ணீரோ பாண்டான் இலை அரைத்து ஊற்றியதுபோல் கிடந்தது.

அப்பா குளத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகப் பின்னால் இருந்த பம்பு அறைக்குப் போனார். அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பம்பு வீட்டில் வேலை பார்த்தவர். தண்ணீரில் கோளாறு என்றால் அவருக்கு முதலில் கால் போகிற இடம் அதுதான்.

"தம்பி, இந்த மீட்டரு இருபத்தாறு காட்டுது. சுத்தமா இருந்தப்ப எவ்வளவு காட்டுச்சு?"

தம்பிக்குத் தெரியவில்லை.

"கடைசியா மணலை எப்ப கழுவுன?"

"மணலா? எந்த மணலுப்பா?"

அப்பா சிரிக்கவில்லை. இடுப்பு உயரத்தில் நின்ற அந்தப் பிளாஸ்டிக் உருளையைத் தட்டிக் காட்டினார். "இதுக்குள்ள என்னா இருக்குன்னு நெனச்ச? இது நம்ம தோட்டத்து டேங்கிதான்டா. சின்னதா செஞ்சிருக்கான், அவ்வளவுதான்."

பராமரிப்புக்கு மாதம் ஒருமுறை ஓர் ஆள் வந்து மருந்து ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார். வடிகட்டியைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. தம்பியும் கேட்டதில்லை. அன்று பிற்பகல் அப்பா எங்களுக்கு நடத்திய பாடமும், அதன் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டவையும் சேர்ந்ததே இந்தக் கட்டுரை. வீட்டில் குளம் வைத்திருப்பவர்களுக்கும், விடுமுறைக்குக் குளம் உள்ள ஹோம்ஸ்தே எடுத்துப் பிள்ளைகளோடு தங்கப் போகிறவர்களுக்கும் இது பயன்படும்.

மணல் காத்த ஊர்

மணல் வழியாகத் தண்ணீரைச் சுத்தம் செய்வது பழைய வித்தை. லண்டனில் தேம்ஸ் நதி நீரை மணல் படுகை வழியாக வடிகட்டி வீடுகளுக்கு அனுப்பும் முறையை ஜேம்ஸ் சிம்ப்சன் என்ற பொறியாளர் 1829ஆம் ஆண்டில் நடைமுறைப்படுத்தினார். அதன் அருமையை உலகம் உணர்ந்தது 1892இல். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் அந்த ஆண்டு காலரா பரவி 8,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதை ஒட்டியே இருந்த அல்டோனா நகரும் அதே எல்பே நதி நீரைத்தான் குடித்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்ததால் அதற்குக் கிடைத்தது இன்னும் அழுக்கான நீர். ஆனாலும் அங்கே உயிரிழப்பு மிகக் குறைவு. அல்டோனா தன் நீரை மணலில் வடிகட்டியது, ஹாம்பர்க் வடிகட்டவில்லை.

நம் தோட்டங்களிலும் தண்ணீர் என்பது உயிர்ப் பிரச்சினையாகவே இருந்தது. ஆற்றிலும் கிணற்றிலும் மொண்டு குடித்து வயிற்றுப்போக்கில் பிள்ளைகளைப் பறிகொடுத்த கதைகள் பல குடும்பங்களில் உண்டு. தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்குக் குழாய் நீர் தர வேண்டிய கடமையைத் தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தர நிர்ணயச் சட்டம் நிர்வாகத்தின் மீது வைத்தது. அந்தச் சட்டம் வந்தது 1966இல்தான்.

அப்பாவின் பம்பு வீட்டில் தொட்டியின் அடியில் பெரிய கல், அதன் மேல் சரளை, அதற்கும் மேல் மணல் இருக்கும். ஆற்று நீர் மேலிருந்து இறங்கி அடியில் தெளிவாக வரும். மணல் அடைத்துக்கொண்டால் லயத்துக் குழாய்களில் தண்ணீர் நூலாக வரும். விடியற்காலையில் பெண்கள் வாளியோடு வந்து நிற்பார்கள். பால்மரம் வெட்டப் போகுமுன் சமைத்தாக வேண்டும். "அவங்க வந்து கேக்குறதுக்கு முன்னாடி மணலக் கழுவி வெச்சிரணும். அதுதான் என் வேலை" என்றார் அப்பா.

உருளைக்குள் என்ன நடக்கிறது?

வீட்டுக் குளத்தில் தண்ணீர் ஒரே இடத்தில் நிற்பதில்லை. மேல் விளிம்பில் உள்ள ஸ்கிம்மர் வாயும் அடியில் உள்ள வடிகாலும் நீரை இழுக்கின்றன. பம்பின் முன்னுள்ள கூடையில் இலையும் முடியும் தங்கிவிடும. பிறகு பம்பு அந்த நீரை வடிகட்டித் தொட்டிக்குள் தள்ளுகிறது. மேலிருந்து மணலுக்குள் இறங்கும் நீர் அடிக்குழாய்கள் வழியாக வெளியேறிக் குளத்திற்குத் திரும்புகிறது.

தம்பி வீட்டுக் குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம். பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 45,000 லிட்டர். மணிக்கு 9,000 லிட்டர் தள்ளும் பம்பு என்றால் குளத்து நீர் முழுவதும் ஒரு சுற்று வர 5 மணி நேரம் ஆகும். நாளொன்றுக்குக் குறைந்தது ஒரு முழுச் சுற்றாவது ஓட வேண்டும். நமது வெயிலுக்கும் மழைக்கும் 6 முதல் 8 மணி நேரம் ஓட்டுவது நல்லது. மின்கட்டணத்தை நினைத்து இரண்டு மணி நேரத்தில் நிறுத்தினால், மிச்சம் பிடித்ததை விட மருந்துக்கு அதிகம் செலவாகும். தம்பி செய்த முதல் தவறு இதுதான்.

மணல் வடிகட்டி சுமார் 20 முதல் 40 மைக்ரான் அளவுள்ள துகள்களைப் பிடிக்கும். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். துணிபோல் மடித்த கார்ட்ரிஜ் வடிகட்டி 10 முதல் 20 மைக்ரான் வரை பிடிக்கும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மணல் சற்றே அழுக்காக இருக்கும்போதுதான் நன்றாக வடிகட்டும். பிடிபட்ட துகள்கள் மணல் இடுக்குகளைச் சிறிதாக்கி, இன்னும் நுண்ணிய அழுக்கையும் நிறுத்தும். ஆகவே தினமும் கழுவுவதும் தவறு. எப்போது கழுவ வேண்டும் என்பதை அந்தச் சிறிய அழுத்த மீட்டர் சொல்லும். கழுவிய உடனே அது காட்டும் எண்ணைக் குறித்து வையுங்கள். அதிலிருந்து 8 முதல் 10 பி.எஸ்.ஐ. கூடினால் கழுவும் நேரம் வந்துவிட்டது. எண் வழக்கத்தைவிடக் குறைந்தால் கோளாறு வேறு இடத்தில்: கூடை நிரம்பியிருக்கலாம், குளத்து நீர் ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே இறங்கியிருக்கலாம், அல்லது பம்பு மூடி வழியாகக் காற்று புகுந்திருக்கலாம்.

கழுவும் முறை

தொட்டியின் தலையிலோ பக்கத்திலோ ஒரு கைப்பிடி இருக்கும். அதைத் திருப்பினால் நீர் போகும் பாதை மாறும். இதை மல்டிபோர்ட் வால்வு என்பார்கள். மணலைக் கழுவும் 'பேக்வாஷ்' நிலையில் நீர் கீழிருந்து மேலே பாய்ந்து, மணலைக் கிளறி, அழுக்கை வெளியே கொண்டுபோகும்.

முதலில் பம்பை நிறுத்துங்கள். பம்பு ஓடும்போது கைப்பிடியைத் திருப்பவே கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் கிழிந்துவிடும். அதன்பின் குளத்து நீர் சத்தமில்லாமல் கழிவுக் குழாயில் போய்க்கொண்டே இருக்கும். தண்ணீர்க் கட்டணம் வரும்போதுதான் தெரியும்.

பிறகு கூடைகளைக் காலி செய்யுங்கள். கைப்பிடியை அழுத்திப் பேக்வாஷ் நிலைக்குத் திருப்பிப் பம்பை ஓட விடுங்கள். பக்கத்தில் உள்ள கண்ணாடிக் குமிழில் முதலில் தேநீர் நிறத்தில் நீர் ஓடும். அது தெளியும் வரை, பொதுவாக 2 முதல் 3 நிமிடம் விடுங்கள். பம்பை நிறுத்தி, 'ரின்ஸ்' நிலைக்கு மாற்றி, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். இது கிளறிய மணலை மறுபடி படிய வைக்கும். இதைத் தவிர்த்தால் மிச்ச அழுக்கு குளத்துக்குள்ளேயே வந்து விழும். மீண்டும் பம்பை நிறுத்தி, 'ஃபில்டர்' நிலைக்குத் திருப்பி ஓட்டுங்கள். இப்போது மீட்டர் காட்டும் எண்ணை எழுதி வையுங்கள்.

தம்பி வீட்டில் முதல் முறை கழுவியபோது வந்த நீர் தேநீர் நிறத்தைத் தாண்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. மூன்று முறை கழுவிய பிறகு மீட்டர் 12க்கு இறங்கியது. அப்பா மார்க்கர் பேனாவை வாங்கிச் சுவரிலேயே '12' என்று பெரிதாக எழுதினார்.

மூன்று நிமிடப் பேக்வாஷுக்கு ஏறக்குறைய 450 லிட்டர் நீர் போகும். அதைக் கால்வாயில் விட்டால் கடைசியில் கிந்தா ஆற்றுக்குத்தான் போகும். முடிந்தால் ஒரு தொட்டியில் பிடித்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்துக் குளோரின் போன பிறகு தரையை அலச எடுத்துக்கொள்ளலாம்.

கார்ட்ரிஜ் வடிகட்டி என்றால் பம்பை நிறுத்தி, காற்றுத் திருகைத் திறந்து அழுத்தத்தை இறக்கிய பிறகே மூடியைக் கழற்ற வேண்டும். மடிப்புகளை மேலிருந்து கீழாகச் சாதாரணக் குழாய் நீரால் அலசினால் போதும். உயர் அழுத்த ஜெட் அடித்தால் துணி கிழியும்.

கல்லுமலைச் சுண்ணாம்பும் லம்பத்து மணலும்

தைப்பூசத்திற்கு ஈப்போ கல்லுமலைக்குப் போயிருப்பவர்கள் அந்தப் பாறைகளைப் பார்த்திருப்பார்கள். குனோங் சீரோ, குனோங் ராப்பாட், குனோங் லாங் எல்லாமே சுண்ணாம்புக் குன்றுகள். கிந்தா பள்ளத்தாக்கின் தரைக்கு அடியிலும் அதே சுண்ணாம்புப் பாறைதான். அதனால் குளத்தை ஆழ்குழாய்க் கிணற்று நீரால் நிரப்புகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். நீரில் கரைந்த சுண்ணாம்பு, பி.எச். அளவு ஏறியதும் வெளியே வந்து படியும். ஓட்டு விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால் தொட்டிக்குள்ளும் அது படிகிறது என்று பொருள். மணல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். நீர் கட்டிகளைச் சுற்றி ஏதோ ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து வடிபடாமலே திரும்பிவிடும். மீட்டரில் எண் சரியாகவே இருக்கும். குளம் மட்டும் கலங்கியே கிடக்கும்.

இதற்கு வழி, பி.எச். அளவை 7.2க்கும் 7.8க்கும் இடையில் வைப்பது. ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியைத் திறந்து மணலைக் கையால் கிளறிப் பார்க்க வேண்டும். கட்டி கட்டியாக வந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கட்டி இல்லாவிட்டாலும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம்.

மணல் மாற்றுவதில் இங்கே ஒரு சபலம் உண்டு. கிந்தாவில் பழைய ஈய லம்பங்கள் விட்டுப்போன மணலுக்குப் பஞ்சமே இல்லை. "ரெண்டு மூட்டை அள்ளிக்கலாமே" என்று தம்பி கேட்டான். கூடாது. அதில் பொடியும் பருக்கையும் களியும் கலந்திருக்கும். வடிகட்டிக்குத் தேவை 0.45 முதல் 0.55 மில்லிமீட்டர் வரை ஒரே சீராகச் சலித்த சிலிக்கா மணல். கடையில் குளத்து மணல் என்று கேட்டாலே கொடுப்பார்கள்.

எண்ணெய்க் குளியலும் குளமும்

நம் வீட்டுக் குளங்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு: தேங்காய் எண்ணெய். தலையில் எண்ணெயோடு ஐந்து பிள்ளைகள் குதித்தால் அந்த எண்ணெய் மணலில் போய் ஒட்டும். பேக்வாஷ் செய்தாலும் லேசில் போகாது. தூசும் முடியும் அதில் பற்றிக்கொண்டு பிசுபிசுவென்று அடைக்கும். கார்ட்ரிஜ் துணியில் எண்ணெய் ஏறியிருந்தால் அதற்கென விற்கும் கரைசலில் இரவு முழுக்க ஊற வைத்து அலச வேண்டும். எண்ணெயைப் போக்காமல் அமிலத்தில் முக்கினால் அழுக்கு நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். தீபாவளி அன்று எண்ணெய்க் குளியல் முடிந்து, சீயக்காய் போட்டு நன்றாகத் தலை அலசிய பிறகு குளத்தில் இறங்கச் சொல்லுங்கள்.

குளிக்காமல் இறங்குவதில் இன்னொரு கேடும் இருக்கிறது. நீச்சல் குளத்தில் கண் எரிந்து மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால், குளோரின் கூடிப்போனதாகப் பலர் நினைக்கிறார்கள். வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின் என்ற பொருளின் வாடை அது. அழுக்கை எதிர்த்து அந்தக் குளோரின் ஏற்கெனவே செலவாகிவிட்டது என்றே அதற்கு அர்த்தம்.

மருந்து மட்டும் போதாது, வடிகட்டியும் மட்டும் போதாது

1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குடிநீர் வடிகட்டி நிலையம் ஒன்று சரியாகச் செயல்படாமல் போனது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிர் குழாய் நீரில் கலந்து, 4 லட்சம் பேர் அளவுக்கு வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. நீரில் குளோரின் இருந்தும் பயனில்லை. இந்த நுண்ணுயிர் வழக்கமான குளோரின் அளவில் பத்து நாள்கூட உயிரோடு இருக்கும். 4 முதல் 6 மைக்ரான்தான் அளவு என்பதால் வீட்டு மணல் வடிகட்டியிலும் நழுவிவிடும். ஆகவே வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையைக் குளத்தில் இறக்காதீர்கள். கெஞ்சினாலும் அழுதாலும் கூடாது.

அண்மைய உதாரணம் கேரளா. 2024 மே முதல் ஜூலை வரையிலான மாதங்களில், மூளையைத் தின்னும் அமீபா என்று நாளிதழ்கள் எழுதிய நெக்லேரியா கிருமியால் அங்கே பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் இந்தக் கிருமி மூக்கின் வழியாக ஏறி மூளையைத் தாக்குகிறது. நீச்சல் குளங்களில் முறையாகக் குளோரின் கலக்க வேண்டும் என்று கேரள அரசு அப்போது அறிவுறுத்தியது. குளோரின் போதிய அளவில் இருக்கும் குளத்தில் இந்தக் கிருமி தாக்குப்பிடிக்காது. நீரில் எப்போதும் குறைந்தது 1 பி.பி.எம். குளோரின் இருக்க வேண்டும். சோதனைப் பட்டை ஒன்றை முக்கினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தம்பியின் குளத்தில் இரண்டும் தவறியிருந்தது. மணல் அடைத்ததால் நீர் சுற்றவில்லை. சுற்றாததால் போட்ட குளோரின் பரவவில்லை. பாசி அதைத் தின்று வளர்ந்தது.

கவனம்: இவை உயிர்ப் பிரச்சினை

குளோரினையும் அமிலத்தையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். பக்கத்தில் பக்கத்தில் வைக்கவும் வேண்டாம். நச்சு வாயு கிளம்பும். வேறு வேறு வகைக் குளோரின்களை ஒரே வாளியில் போட்டால் தீப்பிடிக்கவும் வெடிக்கவும் கூடும். எதைக் கரைத்தாலும் முதலில் நீர், அதில் மருந்து.

பம்பு இழுக்கும் விசையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் ஏழு வயதுப் பேத்தி 2002இல் வெந்நீர்த் தொட்டியின் வடிகால் இழுப்பில் சிக்கி உயிரிழந்தாள். அதன் விளைவாக 2007இல் அங்கே வடிகால் மூடிகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அடி வடிகாலின் மூடி உடைந்திருந்தாலோ திருகு கழன்றிருந்தாலோ, சரி செய்யும் வரை குளத்தில் யாரும் இறங்கக்கூடாது.

பம்பு இணைப்பில் இ.எல்.சி.பி. இருக்கிறதா என்று மின் பணியாளரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

ஊருக்குப் போகும்போது பம்பை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். ஓடாத குளமும், அதன் மேல்விரிப்பில் தேங்கும் மழைநீரும் கொசுவுக்குத் தொட்டில். நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் 1975இன் கீழ், வீட்டு வளாகத்தில் கொசு பெருக விடுவது குற்றம்.

சுவரில் ஒட்டி வைக்க

தினமும்: கூடைகளைப் பார்க்கவும். பம்பு 6 முதல் 8 மணி நேரம். மீட்டரை ஒரு பார்வை.

வாரம் இருமுறை: குளோரின், பி.எச். சோதனை. பலத்த மழை பெய்த மறுநாள் கட்டாயம்.

மீட்டர் 8 முதல் 10 கூடும்போது: பேக்வாஷ், பிறகு ரின்ஸ்.

மாதம் ஒருமுறை: பம்பு மூடியின் ரப்பர் வளையத்திற்குச் சிலிக்கோன் பசை. வாஸ்லின் தடவினால் ரப்பர் கெடும். வடிகால் மூடி, இ.எல்.சி.பி. சோதனை.

ஆண்டுக்கு ஒருமுறை: தொட்டியைத் திறந்து மணலைக் கிளறிப் பார்க்கவும்.

குளத்து அடியில் மணல் தெரிந்தால்: தொட்டிக்குள் அடிக்குழாய் உடைந்திருக்கலாம். ஆளைக் கூப்பிடவும்.

நான்காம் நாள்

அன்று மாலை பி.எச். அளவைச் சரிசெய்து, சுவர்களைத் தேய்த்து, வெயில் இறங்கிய பிறகு குளோரினைக் கூட்டிப் போட்டோம். பம்பு இரவும் பகலும் ஓடியது. மீட்டர் ஏற ஏற அப்பாவும் தம்பியும் மணலைக் கழுவினார்கள். இரண்டாம் நாள் பச்சை மாறிப் பால் கலங்கியதுபோல் ஆனது. மூன்றாம் நாள் அடியில் கிடந்த ஒரு வெள்ளிக் காசு மங்கலாகத் தெரிந்தது. நான்காம் நாள் காலையில் அதில் இருந்த எழுத்தே தெரிந்தது. குளோரின் அளவு வழக்கத்துக்கு இறங்கியதைப் பட்டையில் பார்த்த பிறகே பிள்ளைகளை இறங்க விட்டோம்.

அப்பா கரையில் உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் துரை பங்களாவிலும் ஒரு குளம் இருந்ததாம். அதற்கும் அவர் வீட்டுப் பம்பிலிருந்துதான் தண்ணீர் போகும். மணல் கழுவ வாரம் ஒருமுறை அங்கே போவார். "அத்தன வருசத்துல ஒரு நாளு கால நனைச்சதில்ல. நனைக்கலாமான்னு யாரையும் கேட்டதுமில்ல."

"இப்ப நனைங்கப்பா" என்றான் தம்பி.

அப்பா வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் கட்டிக்கொண்டு படியில் இறங்கி உட்கார்ந்தார். ஐந்து நிமிடம்கூட இருக்கவில்லை. தண்ணீர் வரும் வாயில் கையை வைத்துப் பார்த்தார்.

"இழுப்பு கொஞ்சம் கம்மியா இருக்கு. டேய், போய் மீட்டரப் பாரு."

தம்பி போய்ப் பார்த்தான். 21. சுவரில் 12. மணலைக் கழுவும் நேரம்.